இதய நோயுள்ள நாய்: தூக்கத்தில் மூச்சை எண்ணாமல் விடாதீர்கள்

எங்கள் மணிக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளை ஸ்பிட்ஸ், தெருவில் எல்லோருக்கும் அவன் பொமரேனியன்தான். இரண்டு வருடத்துக்கு முன் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். "வால்வு கசியுது, எக்கோ பார்த்துடலாம்" என்றார், அதாவது இதயத்துக்கு ஸ்கேன். சின்ன இன நாய்களுக்கு வயதான பிறகு அதிகம் வரும் இதய நோய் இதுதான். இடப்பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாது. வெளியே போக வேண்டிய ரத்தத்தில் கொஞ்சம் பின்னால் திரும்பிவிடும். இதயம் பெரிதாகிப் பெரிதாகிச் சமாளிக்கும். முடியாமல் போகும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு வருவது பெரும்பாலும் வேறு. அங்கே இதயத் தசையே தளர்ந்து விரிந்துவிடுகிறது.

"நல்லாத்தானே ஓடுது, சாப்பிடுது" என்று எக்கோவைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அறிகுறியே தெரியாத காலத்திலும் இதயம் பெரிதாகியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் பிமோபென்டான் என்ற இதய மாத்திரையைக் கொடுத்தால் இதயம் தோற்றுப்போகும் நாளைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போடலாம் என்று 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. நாயின் வாழ்நாளில் 15 மாதம் சின்னக் கணக்கில்லை. ஆனால் வால்வு லேசாகக் கசிந்து, இதயம் பெரிதாகாத நாய்க்கு அந்த மாத்திரை தேவையில்லை. எது எந்தக் கட்டம் என்று சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது. அதற்குத்தான் எக்கோவும் எக்ஸ்ரேயும்.

அடுத்தது, இருமலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது. பெரிதான இதயம் மூச்சுக்குழாயை அழுத்தினாலும் இருமல் வரும். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாயே தளர்ந்துபோவதாலும் வரும். இருமல் இல்லாமலே நுரையீரலில் நீர் சேரவும் கூடும். அதனால் வீட்டில் பார்க்க வேண்டியது தூங்கும்போது ஓடும் மூச்சை.

நாங்கள் செய்வது இதுதான். இரவு எல்லா வேலையும் முடிந்து விளக்கை அணைத்த பிறகு மணி கட்டிலுக்குக் கீழே ஒருக்களித்துப் படுப்பான். அவன் நன்றாகத் தூங்கும் வரை காத்திருப்பேன். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் 30 விநாடி வைத்து எண்ணி, இரண்டால் பெருக்குவேன். கனவு கண்டு காலை உதறிக்கொண்டிருந்தால் எண்ணக் கூடாது, எண்ணிக்கை ஏறித்தான் இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நாக்கைத் தொங்கப்போட்டிருக்கும்போது எண்ணினாலும் பயனில்லை. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், அதே கட்டத்தின் மூலையில் அந்த எண்ணை எழுதிவிடுவேன். 20, 22, 21 என்றே மாதக்கணக்கில் ஓடியது. போன ஐப்பசியில் ஒருநாள் 28, மறுநாள் 36. அரை மணி கழித்து மறுபடி எண்ணினேன், 38. பகலில் அவன் வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடியவன்தான், இருமல்கூட இல்லை. அந்த இரவே கூட்டிப்போனோம். நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருந்தது, ஊசி மருந்து போட்டதும் வடிந்துவிட்டது. காலண்டர் இல்லையென்றால் மூன்று நாள் கழித்து மூச்சு முட்டும்போதுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போய், மீண்டும் எண்ணியும் இறங்கவில்லையென்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம். 30க்குள்ளேயே வழக்கத்தைவிடத் தொடர்ந்து ஏறிக்கொண்டு போனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள் நல்ல மனதோடு நடப்பவை. நாய் தேறிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். அது தேறியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில நாளில் நீர் திரும்பக் கோக்கும். நீர் பிரிய வைக்கும் ஃபுரோசிமைடு கொடுத்தால் நாய் நிறையக் குடிக்கும், நிறையப் போகும், ஒருவேளை கூடத்திலேயே போய்விடும். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை அகற்றிவிடுவதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. சிறுநீரகம் காய்ந்துபோகும். கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும், வெளியே கூட்டிப்போகும் தடவையைக் கூட்டுங்கள். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையையும் டாக்டர் சொன்ன நாளில் செய்துவிடுங்கள். பிமோபென்டானை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால் நன்றாகப் பிடிக்கும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்க வேண்டாம். கால்வலிக்கு நாம் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நீர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணி ஒருநாள் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தான். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. பதற்றத்தில் வேறோர் இடத்துக்குத் தூக்கிப்போனேன், இதய நோய் என்று சொல்லவே இல்லை. டிரிப் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மாத்திரைச் சீட்டு பையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காட்டியதும் வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் பார்த்தார்கள். தளர்ந்த இதயத்துக்கு வேகமாக ஏற்றும் சலைன் நேராக நுரையீரலுக்குள் போய்த் தேங்கலாம். எக்கோ அறிக்கையின் படமும் மாத்திரைப் பட்டியலும் இப்போது வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கின்றன.

சாப்பாட்டில் உப்புதான் எதிரி. அப்பளம், கருவாடு, ஊறுகாய் ஒட்டிய சாதம், சீஸ், ரொட்டி, டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் அதில் சேரும். "பாவம், ஒரு துண்டுதானே" என்பார் அம்மா. அவருக்காக உப்பில்லாமல் வேகவைத்த கோழியைச் சின்னத் துண்டுகளாக்கி டப்பாவில் வைத்திருக்கிறோம். ஆசைக்குக் கொடுக்க அது போதும். அதற்காகக் கறியையே நிறுத்தி வெறும் தயிர்சாதம் போட்டுவிடாதீர்கள். இந்த நோயில் தசை கரையும், புரதம் வேண்டும். எடை மாதம் ஒருமுறை பாருங்கள்.

கழுத்துப்பட்டையில் இழுத்துப் போவதைவிட மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. நடையை வெயிலுக்கு முன் முடியுங்கள். அவன் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் தவிப்பது, ஈறு நீலமாகவோ வெளுத்தோ போவது, மயங்கி விழுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மல்லாக்கப் பிடித்துத் தூக்க வேண்டாம், உட்கார்ந்த நிலையிலேயே குளிர்ந்த வண்டியில் ஏற்றுங்கள். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை இன்றைக்குப் பகலிலேயே போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள்.