பழைய டிராயரில் கீரைத்தோட்டம்

பெங்களூரில் வாடகை வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பழைய அலமாரியோ மேசையோ கழியும். அதைப் பழைய சாமான்காரரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதற்கு முன்னால் டிராயர்களை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குல ஆழம் இருந்தால் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, அரைக்கீரை எல்லாம் தாராளமாக வரும். தக்காளி, கத்தரிக்கு ஓரடியாவது வேண்டும். அதற்குப் பழைய டிரங்குப் பெட்டி, இல்லாவிட்டால் வாஷிங் மெஷின் டிரம் (ஓட்டை போடும் வேலைகூட மிச்சம்).

முதலில் மரத்தைப் பாருங்கள். ஓரத்தைச் சுரண்டினால் தூள் தூளாக உதிர்கிறதா, அது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, ஒரு மழைக்கே உப்பிவிடும், விட்டுவிடுங்கள். அடுத்தது பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு என்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆகாது. பெயின்ட் உரிகிற சாமானில் சாப்பிடுகிற செடியே வேண்டாம். கரையானுக்காகக் கழிவு ஆயில் பூசச் சொல்வார்கள், அதுவும் இங்கே கூடாது. வெளிப்பக்கம் மட்டும் ஆளிவிதை எண்ணெய் போதும்.

இனி முக்கியமான இடம், டிராயரின் அடிப்பலகை. நல்ல தேக்கு அலமாரியில்கூட அடியில் மெல்லிய பிளைவுட்டைக் காடியில் (பக்கப் பலகையில் வெட்டிய பள்ளத்தில்) செருகி நாலு ஆணி அடித்து விட்டிருப்பார்கள். புடவைக்கு அது தாங்கும், ஈரமண்ணுக்குத் தாங்காது, காடியிலிருந்து கழன்று தொப்பென்று விழும். அதனால் கவிழ்த்துப் போட்டு, குறுக்கே இரண்டு மரச்சட்டங்களை இரு பக்கப் பலகையிலும் பிடிக்கிற மாதிரி திருகாணியால் முடுக்கிவிடுங்கள். அப்புறம் ஒரு சாணுக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். உள்ளே தார்ப்பாய் விரித்து, அதிலும் அதே இடங்களில் ஓட்டை. பலர் தார்ப்பாயில் ஓட்டை போட மறந்துவிட்டு, கீரை ஏன் அழுகுகிறது என்று கேட்பார்கள். அடியில் ஜல்லி பரப்புவது வீண், இருக்கிற ஆழமும் போய்விடும். ஓட்டைமேல் தேங்காய் நார் வைத்தால் போதும்.

கலவைக்கு செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. எல்லாம் லால்பாக் பக்கத்து நர்சரிகளிலேயே கிடைக்கும். கட்டியாக வரும் கோகோபீட்டை ஊறவைத்து அலசிப் பிழிந்துவிடுங்கள், உப்பு போகும். வெறும் மண் மட்டும் போட்டால் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழமுள்ள டிராயர் நனைந்ததும் 50 கிலோவைத் தாண்டும். கோகோபீட் சேர்ப்பதே அதற்காகத்தான். பால்கனியில் கைப்பிடிச்சுவர் ஓரமாக வரிசை கட்டாமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள், பாரம் அங்கேதான் தாங்கும்.

தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி, அடியில் ஒரு தட்டும் வையுங்கள். கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால் ஹவுஸ் ஓனர் முதலில் உங்கள் தோட்டத்தைத்தான் பார்ப்பார். செப்டம்பர், அக்டோபர் மழையில் விதை அடித்துக்கொண்டு போகும், அப்போது முளைக்கும் வரை மேலே ஒரு பழைய கொசுவலையைக் கட்டிவிடுங்கள். அரைக்கீரையைப் பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் திரும்பத் துளிர்க்கும், கொஞ்சம் மண்புழு உரம் தூவினால் சரி.