கிதாரில் கண்டதை வைத்து வாசிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எலக்ட்ரிக் கிதாரில் வித்தியாசமான சத்தம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவது, பொருளைப் பார்த்தே சத்தத்தை முடிவு பண்ணிவிடுவதில்தான். கிதார் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும். தன் எதிரே இரும்பு அசைந்தாலோ, காந்தப்புலம் மாறினாலோதான் அதற்குத் தெரியும். பாட்டில், மூங்கில் குச்சி, சிப்பி எதை வைத்து உரசினாலும், அது ஸ்டீல் கம்பியை எப்படி ஆட்டியதோ அதுதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். முடி வெட்டும் டிரிம்மரோ கம்பியில் படவே வேண்டாம், பிக்கப் பக்கம் கொண்டுபோனாலே மோட்டார் உறுமல் கேட்கும்.

அடுத்தது, லெட் செப்பலின் ராக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் வில்லால் வாசித்ததைப் பார்த்துவிட்டு வயலின் வில்லுக்குக் காசைக் கொட்டுவது. வயலினில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் நன்றாக வளைந்திருக்கும், அதனால் கம்பிகளைத் தனித்தனியாக இழுக்கலாம். கிதாரில் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பதால் நடுக் கம்பி தனியாக வில்லுக்குச் சிக்காது. பாம்பனிலும் மண்டபத்திலும் இருந்துகொண்டு வில் எதற்கு, மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பு இருக்கிறதே! கொஞ்சம் தடித்ததாக இரண்டு முழம் வெட்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, வயலின் ரோசினில் (வில்லில் தேய்க்கும் பிசின் கட்டி) வெள்ளைத் தூள் படியும்வரை தேய்த்து, வேண்டிய கம்பிக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி மெதுவாக இழுங்கள். அந்த ஒரு கம்பி மட்டும் விடாமல் பாடும். அமெரிக்காவில் ஸ்டீஃபன் ஸ்காட் குழுவினர் பியானோ கம்பிகளையே ரோசின் தடவிய தூண்டில் நரம்பால் இழுத்து வாசித்தவர்கள். இதில் கெடுவது அவசரத்தால்தான்: வேகமாக இழுத்தால் கீச்சிடும், எண்ணெய்க் கை பட்டால் வழுக்கும். முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடைக்காவிட்டால் பிசுக்கு நின்று கம்பி மங்கலாக ஒலிக்கும்.

அமெரிக்க ராக் குழுவான சோனிக் யூத் போல ஸ்க்ரூ டிரைவரைக் கம்பிகளுக்கு அடியில், 12வது ஃப்ரெட் (கிதார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை) பக்கம் செருகிப் பாருங்கள், மணி அடித்த மாதிரி வரும். ஆனால் தடித்ததைத் திணிக்காதீர்கள், பிக்கப் பக்கமும் நழுவ விடாதீர்கள். காந்தம் சட்டென்று இழுத்துக்கொள்ளும், உள்ளே சுற்றியிருப்பதோ பல பிக்கப்புகளில் சுமார் 0.06 மில்லிமீட்டர் கம்பி. அறுந்தால் பிக்கப் போச்சு.

நம்ம உப்புக் காற்றில் டூல் எல்லாம் துரு ஏறித்தான் இருக்கும். அதைக் கிதாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பு நாரால் தேய்த்தால் உதிரும் தூள் முழுக்கப் பிக்கப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. வெளியே போய்த் தேயுங்கள். ஃப்ரெட்டைத் தேய்ப்பதாக இருந்தால் பிக்கப்பை டேப் போட்டு முழுதாக மூடிவிடுங்கள்.

கரையில் கிடக்கிறது என்று பவளப்பாறைத் துண்டை எடுத்துக் கம்பியில் உரச வேண்டாம். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும், மன்னார் வளைகுடாவில் பவளம் ஏற்கெனவே நொந்து கிடக்கிறது. கண்ணாடி பாட்டில் கழுத்து போதும், முனையை மட்டும் மழுங்கத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

டிரில் மெஷினால் கம்பியை மீட்டுவதானால் அது பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும், கிதார் கலைஞர் பால் கில்பர்ட் வாசித்ததும் அப்படித்தான். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம். கிதார் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கும், எர்த் இல்லாத வீட்டில் பழுதான ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள்.