இணையம் இல்லாமலே கணினிக்குக் கணினி பேசலாம்: மம்பிள் அமைக்கும் முறை

ஒரே ரவுட்டரில் இருக்கும் நாலைந்து கணினிகளுக்குள் பேசுவதற்கு, குரல் வெளியே இணையம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டியதே இல்லை. இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், பேசலாம். நான் பயன்படுத்துவது, பலர் சேர்ந்து குரலில் பேச உதவும் மம்பிள் (Mumble). இலவசம், திறமூல மென்பொருள், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கச் சொல்லாது.

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றில் மம்பிள் சர்வரை, அதாவது ஒருவர் குரலை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் நிரலை, நிறுவுங்கள், பழைய கணினியே தாராளம். அப்புறம் அந்தக் கணினியின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டினால், ஐபிவி4 (IPv4) என்ற வரியில் 192.168.1.10 மாதிரி ஓர் எண் வரும். இது நாளைக்கு மாறிவிட்டால் எல்லோருக்கும் இணைப்பு போய்விடும், அதனால் ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் (DHCP Reservation) பகுதிக்குப் போய் அந்த எண்ணை அந்தக் கணினிக்கே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது அந்தக் கணினியின் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல், இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மம்பிளுக்கு 64738 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) டிசிபி (TCP), யுடிபி (UDP) என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டும் திறந்திருக்க வேண்டும். உள்நுழைவும் எழுத்துச் செய்தியும் டிசிபியில் போகும், குரல் யுடிபியில் போகும். டிசிபியை மட்டும் திறந்தாலும் இணைப்பு கிடைத்துவிடும், பேச்சும் கேட்கும், ஏனென்றால் மம்பிள் குரலையும் டிசிபிக்குள்ளேயே அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால் வழியில் தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி வரவழைத்த பிறகுதான் டிசிபி அடுத்ததைத் தரும், அதனால் வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் பேச்சு தேங்கி நின்று பிறகு மொத்தமாக வந்து விழும். ஒரு மாலை முழுக்க ஹெட்செட்டை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், டிசிபிக்கு மாறுகிறேன் என்று மம்பிள் திரையின் ஓரத்தில் எழுதியிருந்ததைக் கவனித்தேன்.

சரி, இனி மற்ற கணினிகள். பேசுவதற்கான நிரலான மம்பிள் கிளையன்ட்டை நிறுவி, புதிய சர்வர் சேர்க்கும் இடத்தில் அந்த ஐபி, 64738, உங்களுக்குப் பிடித்த பெயர் மூன்றையும் கொடுங்கள். சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வரும். சர்வர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ் அது, உங்கள் சொந்த சர்வர்தானே, ஏற்றுக்கொள்ளலாம். மைக்கையும் ஒலியையும் சரிசெய்ய உதவும் ஆடியோ விசார்டை மட்டும் அவசரப்படாமல் முடியுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் எதிராளியின் குரல் உங்கள் மைக் வழியாக அவருக்கே திரும்பிப் போகும், ஆகவே ஹெட்செட் நல்லது. பக்கத்தில் சத்தம் இருந்தால் புஷ் டு டாக் வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது மட்டும் ஒரு விசையை அழுத்தினால் போதும்.

இணையவில்லையா? சர்வர் இருக்கும் கணினியிலேயே 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) கொடுத்துப் பாருங்கள். அங்கே இணைந்தால் சர்வரில் கோளாறு இல்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், மற்ற கணினி கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபையில்) இருக்கிறதா என்று பாருங்கள், அதில் இருக்கும் கருவிகளை மற்றவற்றோடு பேசவிடாமல் ரவுட்டரே பெரும்பாலும் தடுத்துவிடும்.