ரன்-பிளாட் டயரில் பஞ்சர்: ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

ரன்-பிளாட் டயரில் ஆணி ஏறிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் ஓட்டையின் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காற்று இறங்கிய பிறகு அந்த டயர் எவ்வளவு தூரம் ஓடியது என்பதே அது. ஒட்டலாமா, தூக்கிப் போட வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் இந்தப் பதிலைப் பொறுத்தே அமைகிறது.

சாதாரண டியூப்லெஸ் டயரில் காற்று போனால் பக்கச்சுவர் மடங்கி, சக்கரத்தின் ரிம் சாலையில் இடிக்கும். ரன்-பிளாட் டயரின் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பர் அடுக்கு ஒன்று கூடுதலாக இருப்பதால், காற்றே இல்லாத நிலையிலும் அது வண்டியின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் வரம்பு, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம். இதை நம்பித்தான் பிஎம்டபிள்யூ, மினி போன்ற நிறுவனங்களின் பல கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வருகின்றன. ஆனால் அப்படி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள் சிதைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் நிமிர்ந்தே நிற்கும் என்பதால் இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே டாஷ்போர்டில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அழுத்தமானியால் நான்கு டயர்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓடோமீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது. 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 26 இருந்தால் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. பூஜ்யத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டது என்றால் நான் அதை ஒட்டச் சொல்ல மாட்டேன். ஆணியைச் சாலையோரத்திலேயே பிடுங்கிவிடவும் வேண்டாம். பல நேரங்களில் காற்றை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான்.

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியதும், டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்து ரப்பர் திரியைச் சொருகி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள். காற்று நிற்கும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரன்-பிளாட் டயரைப் பொறுத்தவரை, திரி என்பது அடுத்த நல்ல கடை வரை போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே. பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால், இதைக் கழற்றுவதற்குத் துணைக்கை பொருத்திய இயந்திரம் உள்ள கடையைத் தேடிப் போக வேண்டும். கடப்பாரையும் நெம்புகோலும் கொண்டு மல்லுக்கட்டினால் டயரின் விளிம்பு கிழியும்; அழுத்த உணரி வழக்கமாக வால்வோடு சேர்ந்து உள்ளே இருப்பதால் அதுவும் உடையும்.

டயரைக் கழற்றியதும் விளக்கடியில் உட்புறத்தைச் சுற்றிலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். காற்றில்லாமல் ஓடிய டயர் என்றால் உள்ளங்கையில் கரித்தூள் போல ரப்பர்ப் பொடி ஒட்டும். டயரைக் குலுக்கினால் சிறு துணுக்குகள் உதிரும். பக்கச்சுவரின் உட்புறத்தில் வளையமாகச் சுருக்கங்களோ, தேய்ந்த தடமோ, சூட்டினால் நீலம் பாய்ந்த நிறமாற்றமோ தெரிந்தால், ஓட்டை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய டயரிலும் ஓட்டை தரையில் படும் பகுதியின் நடுவே இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் தோள்பகுதியிலும், பக்கச்சுவரிலும் ஏற்பட்ட ஓட்டையை ஒட்டக் கூடாது. தயாரிப்பாளர்களில் சிலர் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு பழுதுபார்க்க அனுமதிக்கிறார்கள், சிலர் அறவே கூடாது என்கிறார்கள். எனவே டயர் நிறுவனத்தின் விதியையும் காரின் கையேட்டையும் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒட்டும் முறையில் மஷ்ரூம் பேட்ச் என்று கடைக்காரர்கள் சொல்லும், தண்டும் குடையும் ஒன்றாக அமைந்த துண்டையே கேளுங்கள். உட்புறம் வெறும் ஒட்டு மட்டும் போட்டால், வெளி ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி உள்ளிருக்கும் எஃகு இழைகளைத் துருப்பிடிக்க வைக்கும். வெறும் திரி மட்டும் சொருகினால் உட்புறத்தின் காற்றுத் தடுப்பு அடுக்கு மூடப்படாமல் கிடக்கும். முதலில் மெதுவாகச் சுழலும் துளைப்பானால் ஓட்டையைச் சீராக்கி, பிசிறடித்து நிற்கும் எஃகு முனைகளை அகற்ற வேண்டும். பிறகு ஓட்டையைச் சுற்றிய உட்பரப்பைத் துடைத்து, குடையைவிடச் சற்றே அகலமாகச் சுரண்டி, தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, வல்கனைசிங் பசையைத் தடவ வேண்டும். பசை காய்ந்து விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருப்பது இந்த வேலையின் உயிர்நாடி. அவசரத்தில் ஈரப் பசையின் மேல் ஒட்டியவை பின்னர் ஓரம் தூக்கிக்கொள்ளும். பதம் வந்ததும் தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடையின் நடுவிலிருந்து ஓரம் வரை சிறு உருளையால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வெட்டிவிட வேண்டும். ஆணி 25 டிகிரிக்கு மேல் சாய்வாக ஏறியிருந்தால் தண்டையும் ஒட்டுத் துண்டையும் தனித்தனியே போடுவதே சரியான முறை.

டயரை மாட்டிக் காற்றடித்ததும் ஒட்டிய இடம், வால்வு, விளிம்பு மூன்றிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, சக்கரத்தை பேலன்ஸ் செய்து, அழுத்த எச்சரிக்கை அமைப்பை ரீசெட் செய்யுங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், ஒரு வாரம் கழித்து அதே நிலையில் இன்னொரு முறையும் அழுத்தத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தம் குறைந்திருந்தால் மேலே காற்றடித்துக்கொண்டே ஓட்டாமல், டயரைத் திரும்பக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.