பிக்கப் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

போன மாதம் நண்பர் வீட்டு கிரகப்பிரவேசம். சாப்பிட்டுக் கை கழுவியதும், கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னை வாசலுக்கு இழுத்துப் போனார். பளபளவென்று புது பிக்கப் நின்றது. “அண்ணா, இது 11,000 பவுண்டு இழுக்கும். 28 அடி டிராவல் டிரெய்லர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 6,200 பவுண்டுதான். தாராளமாகப் போதும் இல்லையா?” என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடங்களுக்கு முன் டல்லாஸில் நான் சொன்னதும் இதேதான். எண்கள்கூட ஏறக்குறைய அதேதான். அமெரிக்காவில் குடும்பத்தோடு டிராவல் டிரெய்லரை, அதாவது உள்ளேயே படுத்துச் சமைக்கும் வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை நம்மவர்களிடம் பெருகி வருவது எனக்குச் சந்தோஷம். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் நான் விழுந்த குழியிலேயே விழுவதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. டயர் காற்று, பாதுகாப்புச் சங்கிலி, பிரேக் கன்ட்ரோலர் இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள். பாதி பேருக்குத் தெரியாமலே போகும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

இழுவை எடையை மட்டும் பார்ப்பது

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவை எடை. 11,000, 12,000, 13,000 என்று ஏறிக்கொண்டே போகும். அந்த எண் பொய் இல்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது விதிமுறைப்படி சோதித்துத் தருவதுதான். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் இருக்கும் நீண்ட மலையேற்றம் அந்தச் சோதனையின் அளவுகோல். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. குழந்தைகள் இல்லை, கூலர் இல்லை, பின்பெட்டியில் விறகுக் கட்டு இல்லை. டிரெய்லரின் முன்பக்கம் ஹிட்சை, அதாவது வண்டியோடு அதை இணைக்கும் கொக்கியை, அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். அதையும் டிரெய்லர் எடையில் 10 சதவீதம் என்றே வைத்திருப்பார்கள்.

குடும்பத்தோடு போகிறவருக்கு வேண்டிய எண் வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். அதுதான் பேலோடு. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கு, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நிலையில் போட்ட கணக்கு அது. பக்கத்தில் நிற்கும் அதே நிற வண்டியின் எண் வேறாக இருக்கலாம்.

டிரெய்லரின் டங் வெயிட் முழுவதும் இந்த எண்ணிலிருந்துதான் கழியும். இது எனக்குத் தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை. “நாள் முழுக்க இழுக்கும் சார்” என்று பானட்டைத் தட்டிக் காட்டினார். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அவர் கை வைத்திருந்த இடத்திலிருந்து அந்த ஸ்டிக்கர் நான்கடி தூரம்.

என் வண்டியின் ஸ்டிக்கரில் 1,420 பவுண்டு. இழுவை எடை 11,200. டிரெய்லர் சாமான் ஏற்றியபின் 7,400. இழுவைக் கணக்கில் 3,800 பவுண்டு மிச்சம், ஆகவே நான் நிம்மதியாக இருந்தேன். பேலோடு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டங் வெயிட் 13 சதவீதம் என்றால் 962. எடையைச் சமன் செய்யும் ஹிட்ச் 95. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 485. பின்பெட்டியில் ஜெனரேட்டர், கூலர், மடக்கு நாற்காலிகள், ஒரு மூட்டை அரிசி எல்லாம் சேர்த்து 190. மொத்தம் 1,732. வாசலை விட்டு இறங்கும்போதே 312 பவுண்டு அதிகம்.

கொலராடோ போகத்தான் கிளம்பினோம். டல்லாஸிலிருந்து 287ஆம் நெடுஞ்சாலை வழியாக அமரில்லோ, அங்கிருந்து ரட்டோன் கணவாய் என்று திட்டம். விசிட்டா ஃபால்ஸ் வரை ஒன்றும் தெரியவில்லை. சில்ட்ரஸ் தாண்டியதும் குறுக்குக் காற்று ஆரம்பித்தது. அந்தப் பக்கம் மரம் மட்டை கிடையாது, காற்றுக்குத் தடையே இல்லை. ஸ்டியரிங் லேசாகிவிட்டது, திருப்பினால் அரை நொடி கழித்துத்தான் வண்டி கேட்கிறது. பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கியிருந்ததால், சாயங்காலம் விளக்குப் போட்டதும் எதிரே வந்த லாரிகள் எல்லாம் கண்ணைக் கூசுகிறது என்று விளக்கை அடித்துக் காட்டின. பிறகு பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒரு முறை வலது பக்கம் போனது, திரும்பி இடது பக்கம் வந்தது, மறுபடி வலது பக்கம் போனது. கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச்சுவர் முழுசாகத் தெரிந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பின்னால் திரும்பி, சின்னவனின் பெல்ட்டை மட்டும் இழுத்துப் பார்த்தாள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு டிரெய்லர் பிரேக்கைக் கையால் மெல்ல அழுத்தியதும் அது நேரானது.

அமரில்லோவில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருந்தது. லாரிக்காரர்களுக்கானது, ஆனால் யாரும் எடை போடலாம், இருபது டாலர்கூட ஆகாது. முன் சக்கரம் ஒரு தட்டில், பின் சக்கரம் ஒரு தட்டில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவது தட்டில். கையில் வந்த சீட்டில் 3,020, 4,260, 6,520. டிரக்கின் இரண்டு அச்சும் சேர்த்து 7,280. கதவுத் தூணில் போட்டிருந்த மொத்த எடை வரம்பு, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., 7,050. ஹிட்ச் கொஞ்சம் எடையை டிரெய்லர் சக்கரங்களுக்குத் தள்ளியும் 230 பவுண்டு அதிகம். பின் அச்சு தன் வரம்பான 4,050ஐத் தனியாகத் தாண்டியிருந்தது.

கொலராடோ போகவில்லை. டிரெய்லரை அமரில்லோவிலேயே ஒரு முகாமில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த பாலோ டூரோ பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்தோம். பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. வண்டியை ஏழு மாதத்தில் விற்றேன், 9,000 டாலர் நஷ்டம்.

இதில் சட்டப் பிரச்சினையைவிடப் பெரியது பிரேக்கும் டயரும்தான். என்னுடையது போன்ற அரை டன் (1500 வகை) வண்டிகளில் பெரும்பாலும் கார் வகை டயர்தான் வரும். சுமையும் வேகமும் டெக்சஸ் வெயிலும் ஒன்றுசேர்ந்தால் அதன் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

டிரெய்லரின் வெற்று எடையை நம்புவது

விளம்பரத்தில் போடுவது தொழிற்சாலையிலிருந்து வந்த எடை. அதில் உங்கள் தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, மெத்தை விரிப்பு இல்லை, பல சமயம் பேட்டரிகூட இல்லை. விற்பனையாளர் பொருத்தித்தரும் பேட்டரியும் நிரப்பித்தரும் இரண்டு கேஸ் சிலிண்டரும் உட்காருவது டிரெய்லரின் மூக்கில், நேரே டங் வெயிட்டின் மேல். விளம்பரத்தில் 620 என்று போட்டிருந்த என் டங் வெயிட் 962 ஆனது இப்படித்தான்.

என் பழக்கம் இது: டிரெய்லரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர்.ஐ எடுத்துக்கொள்வேன், அதில் 13 சதவீதம் டங் வெயிட் என்று வைத்துக்கொள்வேன். நம் குடும்பங்கள் சாமான் ஏற்றும் அழகுக்கு அந்த எடை ஒருநாள் வந்தே தீரும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் குக்கரும் இட்லித் தட்டும் ஏறும், அவர்கள் இருவரும் பின்சீட்டில் ஏறுவார்கள். அதுவும் பேலோடுதான்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்புவது

40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். போகிற இடத்தில் குழாய் இருந்தால் அங்கேயே நிரப்புங்கள்.

விலை உயர்ந்த மாடல் அதிகம் சுமக்கும் என்று நினைப்பது

நேர்மாறு. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500, டன்ட்ரா, எதை எடுத்தாலும் இதே கதை. கூரையில் கண்ணாடி, மின்சாரத்தில் நகரும் தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரம் என்று ஒவ்வொன்றும் வண்டியின் சொந்த எடையைக் கூட்டும். வண்டியின் மொத்த வரம்பு அதற்கேற்ப உயராது. கூடிய எடை உங்கள் பேலோடிலிருந்துதான் போகும். ஒரே பெயர் கொண்ட அரை டன் வண்டியில் ஒன்று 1,200 சுமக்கும், இன்னொன்று 2,000. அரை டன், முக்கால் டன் என்பதெல்லாம் அந்தக் காலத்து அளவு, இப்போது வெறும் பெயர்தான். புத்தகத்தில் வகைக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, வாங்கப்போகிற அந்த வண்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

பின்பக்கம் அமுங்கினால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப் பை) போட்டுக்கொள்வது

பின்பக்கம் உயரும். ஸ்டிக்கர் எண் உயராது.

டங் வெயிட்டைக் குறைக்க சாமானைப் பின்னால் தள்ளுவது

தயவுசெய்து வேண்டாம். பேலோடு பற்றிக் கேள்விப்பட்டதும் சிலருக்கு உடனே இந்த யோசனை வரும். ஜெனரேட்டரை டிரெய்லரின் பின் பம்பரில் தூக்கிக் கட்டுவார்கள். ஹிட்சில் எடை குறையும், உண்மைதான். ஆனால் டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், வேகம் கூடக்கூட ஆட்டம் பெருகும். சில்ட்ரஸில் நான் பார்த்த ஆட்டம் அடங்கியது. எல்லா ஆட்டமும் அடங்காது.

டீசல் என்றால் கணக்கே வேண்டாம் என்பது

டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். முக்கால் டன் வண்டிகள் பலவற்றுக்கு ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டு என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே எல்லா வசதியும் கொண்ட டீசல் 2500, அதாவது முக்கால் டன் வண்டி, ஒன்றின் பேலோடு 2,000 பவுண்டைச் சுற்றி நிற்கும். அதே வண்டி பெட்ரோலில் 3,000ஐ நெருங்கும். பின்பெட்டிக்குள்ளேயே மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லர் இழுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதன் எடையில் 20 சதவீதம் பின்பெட்டியின் மேல் உட்காரும்.

டீசலின் பலம் மலையில், அதில் டர்போ உண்டு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏறுவதாவது பரவாயில்லை, மெதுவாக ஏறிவிடலாம். இறங்கும்போது டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைப்பது) கொடுக்கும் நிம்மதி பெரிது. நான் கடைசியில் பெட்ரோல் முக்கால் டன்தான் வாங்கினேன். வருடத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போகிற எனக்குப் பேலோடுதான் முக்கியம். வெறும் வண்டியாக ஓட்டினால் குலுக்கும், அடுக்குமாடி பார்க்கிங்கில் நுழைக்கவே கஷ்டம். அதனால் எல்லோரும் பெரிய வண்டியே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் வண்டி வாங்கிவிட்டு, பிறகு டிரெய்லர் தேடுவது

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எத்தனை பேர் தூங்க வேண்டும், எத்தனை அடி என்று முடிவுசெய்து டிரெய்லரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதைத் தாங்கும் வண்டியைத் தேடுவது நல்லது. வண்டி ஏற்கெனவே வாசலில் நின்றால், அதன் ஸ்டிக்கருக்குள் அடங்கும் டிரெய்லர்தான் உங்கள் டிரெய்லர்.

அந்தத் தம்பியின் வண்டியில் ஸ்டிக்கர் 1,510 காட்டியது. அவர், மனைவி, மூன்று வயதுப் பெண் சேர்ந்து 360. ஹிட்ச் 95. சாமான் 200. மிச்சம் 855. அங்கேயே போனில் கணக்குப் போட்டார். அந்த 28 அடிக்காரனின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 7,800, டங் வெயிட் ஆயிரத்தைத் தாண்டிவிடும். முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினார்: 22 அடி, ஜி.வி.டபிள்யூ.ஆர். 5,500. டங் வெயிட் 715 வரும், 140 பவுண்டு மிச்சம். “அண்ணா, இதில் அம்மாவுக்கும் இடம் இருக்கிறது” என்று எழுதியிருந்தார். அம்மாவின் எடை என்ன என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.