கைக்கு 13,087 வர எவ்வளவு திரட்ட வேண்டும்? புதிய மிஷனெரிகளுக்குச் சம்பளச் சீட்டுக் கணக்கு

"அண்ணே, இதுல 1,913 ரூபாயக் காணோம்" என்று சம்பளச் சீட்டை நீட்டினார் அந்தத் தம்பி. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊழியம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தன் சம்பளத்துக்காக வீடு வீடாகப் போய், மாதம் 15,000 ரூபாய் காணிக்கை தருவதாக வாக்குறுதி வாங்கியிருந்தார். வங்கியில் விழுந்தது 13,087. எங்கள் மிஷன் ஸ்தாபனத்தின் ஆபீசில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் முகத்திலேயே தெரிந்தது. அங்கே கணக்குப் பார்த்து அந்தச் சம்பளச் சீட்டைத் தயாரித்தது நான்தான். டீ சொல்லிவிட்டு உட்காரவைத்தேன்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனெரி சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் அரசர். நம்மை அனுப்புவது பத்துப் பதினைந்து குடும்பங்கள். அதனால் கணக்கு நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: சீட்டில் 'பிடித்தம்' என்ற பக்கத்தைப் பாருங்கள். தம்பியின் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 15,000, வேறு அலவன்ஸ் எதுவும் இல்லை. பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 112.50, அதை மேல் ரூபாய்க்கு ஏற்றி 113. காணாமல் போன 1,913 இதுதான். பி.எஃப். பணம் எங்கும் போகவில்லை, யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணில் உள்ள கணக்கில் இருக்கிறது. உமங் என்ற அரசுச் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் தெரியும். அப்படியே நாமினி பெயரையும் பதிந்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா பெயரே கிடக்கிற கணக்குகள் ஏராளம். இ.எஸ்.ஐ. என்பது மருத்துவத்துக்கு, மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. ஸ்தாபனம் சின்னது என்றால் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். இருபது பேர் வேலை செய்தால் பி.எஃப்., பத்துப் பேர் என்றால் இ.எஸ்.ஐ.

இரண்டாம் படி, தொழில் வரி. ஊராட்சியோ நகராட்சியோ அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குவது. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. அந்த மாதம் மட்டும் சீட்டு இளைத்திருக்கும், பதற வேண்டாம்.

மூன்றாம் படி, வருமான வரி. "ஊழியக்காரருக்கு ஏது வரி?" என்று சபையில் யாராவது சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் பாடம் நடத்தும் பாதிரியார்கள், கன்னியாஸ்திரீகளின் சம்பளத்துக்கும் டி.டி.எஸ். (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் நம் அளவுச் சம்பளத்துக்குக் கட்டவேண்டிய வரி பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி, சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கழித்துத் தரும் நிலைக்கழிவு 75,000 உட்பட, 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரி வராது. தம்பிக்கு ஆண்டுக்கு 1,80,000தான்.

சரி, இனிமேல்தான் விஷயம். நான்காம் படிக்கு ஒரு தாள் எடுங்கள். சீட்டில் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது, அது ஸ்தாபனம் உங்களுக்காகக் கட்டுவது. 15,000 சம்பளம். அதற்கு மேல் பி.எஃப். பங்கு 1,800 (இதில் 1,250 பென்ஷனுக்கு, 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கு). இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், 488. பி.எஃப்.-ஓடு சேர்ந்த காப்பீடு 75, நிர்வாகக் கட்டணம் 75. மொத்தம் 17,438. வருகிற காணிக்கையில் பத்து சதவீதம் ஆபீஸ் செலவுக்கு என்பது எங்கள் வழக்கம். உங்கள் இடத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கழித்த பிறகும் 17,438 மிஞ்ச வேண்டுமென்றால் 19,376 வர வேண்டும். தம்பி வாக்குறுதி வாங்கியிருந்தது 15,000-க்குத்தான்.

"காணாமப் போனது 1,913 இல்ல தம்பி, 4,376" என்றேன். முதல் மாதம் அதைப் பொது நிதியிலிருந்து போட்டுத்தான் சமாளித்தோம். டீ ஆறும்வரை அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியத்துக்கு வருகிறவருக்கு இதை முதல் நாளே சொல்லாதது எங்கள் தப்பு.

ஐந்தாம் படி, ஜிபே. "ஆபீசுக்கு எதுக்கு, உங்களுக்கே போட்டுடறேன்" என்று காணிக்கை தருகிறவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். சொந்தக்காரர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் தந்த அன்பளிப்பு மொத்தம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டுமல்ல, முழுத்தொகையும் உங்கள் வருமானம். அப்புறம், அது ஊழியத்துக்குத் தந்த பணமா உங்களுக்குத் தந்ததா என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் அனுப்புகிறேன் என்றால் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லுங்கள், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு உள்ள ஸ்தாபனத்தின் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாகத்தான் அது வர வேண்டும். ஸ்தாபனத்துக்கு 80ஜி, அதாவது நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்கிற பதிவு, இருந்தால் ரசீது கிடைக்கும். பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு அது உதவும், அவர்களும் 2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடையாது. விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை, ஆகவே நெல் விற்றுத் தருகிற பெரியவருக்கு அந்த ரசீது வெறும் சந்தோஷம்தான்.

அந்தப் பெரியவரால் வருவது ஆறாம் படி. நம் பக்கத்தில் காணிக்கை மாதாமாதம் ஒரே அளவில் வராது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையப் பணம் வங்கியில் ஏறியதும் தை, மாசியில் மொத்தமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கிக் கிடக்கும்போது வாக்கு கொடுத்தவரிடம் போய் நிற்க முடியாது. ஆனால் பி.எஃப். பணத்தை ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதனால் தையில் வருவதில் மூன்று மாதச் செலவை, அதாவது 58,128 ரூபாயை, உங்கள் பெயரில் ஸ்தாபனக் கணக்கிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதோடு திரும்பவும் அதே வீடுகளுக்குப் போனார்.