ஸ்பேனரை வைத்துவிட்டு நோட்டை எடுப்பவர்களுக்கு: அரசு விமானப் பராமரிப்பு ஆய்வாளர் வேலை

இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் நடந்தது. ஒரு விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது என்ஜின் மூடியின் கொக்கி ஒன்று சரியாகப் பதியாமல் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், மெக்கானிக்காகப் பதினைந்து வருடப் பழக்கம், கை தானாகப் போய் அதை அமுக்கப் பார்த்தது. கூட வந்த மூத்த ஆய்வாளர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். "தொடாதே, காட்டு" என்றார். அமுக்கியிருந்தால் பார்த்ததற்கு அத்தாட்சி போயிருக்கும். அதைவிட மோசம், அந்தக் கொக்கி அடுத்த பயணத்தில் காற்றில் திறந்துகொண்டால் கடைசியாகக் கை வைத்தவன் நானாக இருந்திருப்பேன். மெக்கானிக்காக இருந்து ஆய்வாளராக மாறுபவர்கள் முதலில் மறக்கவேண்டியது இதைத்தான். இனி நீங்கள் எதையும் சரிசெய்யப் போவதில்லை.

சரி, அப்படியானால் என்னதான் வேலை? 1944-ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்திலிருந்துதான் இது தொடங்குகிறது. ஒரு விமானத்தைத் தன் பதிவேட்டில் சேர்த்த நாடுதான் அது பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ அந்த ஒப்பந்தத்துக்கு வைத்திருக்கும் இணைப்புகளில் இணைப்பு 8 பறக்கும் தகுதி பற்றியது, இணைப்பு 6 இயக்குவது பற்றியது, இணைப்பு 1 லைசென்ஸ் பற்றியது. ஒவ்வொரு நாடும் இவற்றை வைத்துத் தன் சட்டத்தை எழுதிக்கொள்கிறது. ஆனால் எந்த நாட்டிலும் எல்லா விமானத்தையும் அரசாங்கமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஆள் காணாது. விமானத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பழுதைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. பறவை மோதிய பள்ளத்தை நீங்கள் கண்டுபிடித்தால் அது பெரிய சாதனை இல்லை. காலையில் அதே விமானத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அதை ஏன் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி.

பெரும்பாலும் இந்த வேலைக்கு வருபவர்கள் சில வருடமாவது லைசென்ஸ் வைத்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு விமானத்தை வெளியே அனுப்பிய பராமரிப்புப் பொறியாளர்கள், விமானப்படையிலிருந்து வந்தவர்கள், அப்புறம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரர்கள். சேர்ந்ததும் வகுப்பறைப் பயிற்சி, பிறகு மூத்தவர் ஒருவருடன் கூடவே போய்ப் பார்க்கும் காலம். அந்த வகுப்பறையில் தூக்கம் வரும், சட்டம் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் அடையாள அட்டைக்கு அதிகாரம் தரும் பிரிவை மட்டும் மனப்பாடமே செய்துவிடுங்கள்: எங்கே நுழையலாம், எதைக் கேட்கலாம், எதை நகலெடுக்கலாம், எதை நிறுத்திவைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஷிஃப்ட் மேனேஜர் "இதைக் காட்ட முடியாது" என்று சொல்லும்போது, குரலை உயர்த்துவதைவிடப் பிரிவு எண்ணைச் சொல்வது நன்றாக வேலை செய்யும்.

போவதற்கு முன்னால் அலுவலகத்திலேயே பாதி வேலையை முடித்துவிட வேண்டும். அந்த நிறுவனத்தின் பழைய ஃபைண்டிங்குகள் (ஆய்வாளர்கள் கண்டு எழுதிய குறைகள்), தள்ளிப்போட்டு வைத்திருக்கும் பழுதுகளின் பட்டியல், ஒரே விமானத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படும் புகார்கள், இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பழுதை மூன்று முறை "சோதித்தோம், சரியாக உள்ளது" என்று மூடியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை: ஆறு மாதத்தில் எத்தனை விமானம் கூடியது, எத்தனை பொறியாளர் வேலையை விட்டுப் போனார்கள். விமானம் கூடி ஆள் குறைந்த இடத்தில் ஹேங்கர் தரை எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் நான் நம்புவதில்லை.

நூலைப் பிடித்துக்கொண்டு போவது

புதியவர்கள் கையில் பெரிய சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டே போவார்கள். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை வைத்து நான் உருப்படியாக எதையும் பிடித்ததில்லை. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து அதன் நூலைக் கடைசி வரை பிடித்துப் போங்கள். உதாரணத்துக்கு ஒரு பறக்கும் தகுதி ஆணை, அதாவது இதைக் கட்டாயம் செய்தாக வேண்டும் என்று அரசு போடும் உத்தரவு, ஹேங்கரில் எல்லோரும் ஏடி என்று சொல்வது. அது இந்த விமானத்துக்குப் பொருந்தும் என்று யார் முடிவு செய்தார், எந்த வரிசை எண்ணைப் பார்த்து? திட்டமிடும் பிரிவு அதை வேலை அட்டையாக எழுதியபோது மூல ஆவணத்தில் இருந்த ஏதாவது படி விட்டுப்போனதா? மாட்டிய பாகத்தின் சான்று எங்கே, பாகத்தின் மேல் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா? இறுக்கிய டார்க் ரெஞ்சின் (குறித்த விசையில் இறுக்கும் ஸ்பேனர்) காலிபரேஷன், அதாவது அளவு சரிபார்ப்பு, அன்றைய தேதியில் உயிரோடு இருந்ததா? கையெழுத்துப் போட்டவருக்கு அந்த ரக விமானத்துக்கு அனுமதி இருந்ததா, அந்தத் தேதியில் இருந்ததா? கடைசியாக, எல்லோரும் மறப்பது, ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி அந்த ஆள் அன்று வேலைக்கு வந்தாரா என்று பாருங்கள்.

ஒரு இடத்தில் இந்தக் கடைசிப் படியில்தான் எனக்கு மாட்டியது. ஒரே கையெழுத்து, ஒரே இரவு, இரண்டு வெவ்வேறு ஹேங்கரில் இருந்த இரண்டு விமானங்களில், பத்து நிமிட இடைவெளியில். ஹேங்கர்களுக்கு நடுவே நடந்து போகவே இருபது நிமிடம் ஆகும், நான் நடந்து பார்த்தேன். விசாரித்தால் யாரும் வில்லன் இல்லை. லைசென்ஸ் உள்ளவர் ஒருவர்தான், வேலை பதினோரு பேருடையது, அவர் மற்றவர்கள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலகா போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-ஐப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 17,300 அடியில் விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டனின் பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி தரையிறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டார். கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டில் 84 குறுக்களவில் சிறியவை, மீதி 6 நீளம் குறைந்தவை. எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுவார்கள். ஆய்வாளர் படிக்கவேண்டியது அந்தக் கண்ணாடியை மாற்றிய இரவை. மாற்றியவர் ஷிஃப்ட் மேனேஜர், அனுபவசாலி, ஆள் குறைவு என்பதால் தானே இறங்கி வேலை செய்தார். பாகப் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி தேடினார், அந்தப் பழைய போல்ட்டே தவறானது. சரியான ரகம் எது என்று ஸ்டோர்காரர் வாயால் சொல்லியும் இருக்கிறார். அங்கே போதுமான எண்ணிக்கை இல்லாமல், வெளிச்சமில்லாத இன்னொரு இடத்துப் பெட்டியிலிருந்து கண்ணால் பொருத்திப் பார்த்து எடுத்தார். விமானத்தின் உயிர்நாடி வேலைகள் பட்டியலில் கண்ணாடி இல்லாததால் இரண்டாவது ஆள் பார்க்கவேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் ஸ்டோருக்குப் போனால் அலமாரியை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டோர்காரரிடம் பேசுங்கள். "நீங்கள் தப்பு என்று சொல்லியும் எடுத்துக்கொண்டு போன ஆள் உண்டா?" என்று கேளுங்கள், சிரிப்பார், அப்புறம் சொல்வார்.

இதே மாதிரிதான் 1983 மே மாதம் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் நகருக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855. மூன்று என்ஜினிலும் எண்ணெய் ஒழுகியது, காரணம் உலோகத் துகள் பிடிக்கும் காந்த டிடெக்டர்களில் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் வளையம், இல்லை. வேலை அட்டையில் ஓ-ரிங் போட்டதாகவே கையெழுத்து இருந்தது. மெக்கானிக் பொய் சொல்ல நினைக்கவில்லை. வழக்கமாக ஓ-ரிங் மாட்டியபடியே கைக்கு வரும் டிடெக்டர், அன்றிரவு மட்டும் ஸ்டோரிலிருந்து ஓ-ரிங் இல்லாமல் வந்தது. நல்லவேளை, அணைத்த என்ஜின் ஒன்றைத் திரும்ப எரியவைத்து எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒரே ஆட்கள் ஒரே இரவில் எல்லா என்ஜினிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தடுக்க நிறுவனத்தின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது, அது ஷிஃப்ட் அட்டவணையில் தெரிகிறதா என்பதை நான் எங்கே போனாலும் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

இரவில் போங்கள்

பகல் பதினொரு மணிக்குப் போனால் உங்களுக்குக் காட்டப்படும் ஹேங்கர் வேறு. பயணிகள் விமானங்களின் பராமரிப்பு பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது, ஆய்வாளர்களின் அலுவலக நேரம் பகலில் இருக்கிறது, இந்த வேடிக்கையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு மூலையில் போய் நில்லுங்கள், முக்கியமாக ஷிஃப்ட் மாறும் நேரத்தில். 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 நடுவானில் உடைந்து 14 பேர் இறந்ததற்குக் காரணம், வால் பகுதியின் கிடைமட்டத் தளத்தில் மேல்புறம் 47 ஸ்க்ரூ இல்லாதது. மாலை ஷிஃப்ட் கழற்றியது, இரவு ஷிஃப்டுக்குச் சொல்லப்படவில்லை. அதனால் ஒப்படைப்புப் புத்தகத்தைப் படிப்பதோடு விடாமல், ஒப்படைப்பையே பாருங்கள். பாதி கழற்றிய பாகத்துக்கு அட்டையில் வரி இருக்கிறதா, அல்லது "அதைப் பார்த்துக்கோ" என்று போகிற போக்கில் வாயால் சொல்லப்படுகிறதா?

தரையில் நிற்கும்போது கண்ணில் படவேண்டியவை நிறைய. ஸ்பேனர் போன்ற கருவிகளை மாட்டும் பலகையில் கருவி இல்லாமல் காலியாக இருக்கும் நிழல் வடிவம், காலாவதியான சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை), மூடி போடாமல் விட்ட குழாய், பாக்கெட்டில் மடித்து வைத்த பழைய பதிப்புக் கையேட்டுத் தாள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இருபது அட்டையை அடுக்கிவைத்து வரிசையாக ஸ்டாம்ப் அடிப்பவரைப் பார்த்தால் மட்டும் உடனே பக்கத்தில் போய் உட்காருங்கள். கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "விதிப்படி செய்கிறீர்களா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மேனேஜர் நின்றால் அவரை எதையாவது நகலெடுக்க அனுப்புங்கள், இது சின்னத்தனம்தான், ஆனால் பலன் தரும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் என்ஜினின் முன்பக்கம், புரொப்பெல்லர் வட்டம், யாரும் சொல்லாமல் அசையக்கூடிய இறக்கை மடிப்பு (ஃபிளாப்), இவற்றுக்கு நீங்கள் அரசாங்க ஆள் என்று தெரியாது. பேனலைத் திறக்கவேண்டுமா, அவர்களையே திறக்கச் சொல்லுங்கள்.

எழுதும்போது

"கருவிகளின் பராமரிப்பு மோசமாக உள்ளது" என்று ஒரு ஃபைண்டிங் எழுதினால் அது மூன்றே நாளில் வாதத்தில் செத்துவிடும். இப்படி எழுதுங்கள்: இன்ன எண் டார்க் ரெஞ்சின் காலிபரேஷன் கெடு மார்ச் 3-ல் முடிந்தது, மார்ச் 9-ல் அதே ரெஞ்ச் இன்ன விமானத்தின் சக்கரம் மாற்றும் வேலைக்கு வழங்கப்பட்டதாகக் கருவிப் பதிவேடு காட்டுகிறது, நிறுவனக் கையேட்டின் இன்ன பத்தி இதைத் தடுக்கிறது. என்ன கேட்கப்பட்டது, என்ன பார்த்தீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள். அவ்வளவுதான், உரிச்சொல் ஒன்றுகூட வேண்டாம். காரணத்தையும் நீங்கள் எழுதாதீர்கள், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

பதில் வரும். பத்தில் எட்டு பதில் "சம்பந்தப்பட்ட மெக்கானிக்குக்கு எச்சரிக்கை விடுத்து மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று இருக்கும். திருப்பி அனுப்புங்கள். காலாவதியான ரெஞ்சைக் கவுன்ட்டரில் கொடுத்த ஏற்பாடு அப்படியே இருக்கும்போது, வாங்கியவரைத் திட்டி என்ன பயன்? ஐரோப்பிய முறையில் ஃபைண்டிங்கை இரண்டு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை என்றால் பாதுகாப்புக்குக் கடுமையான ஆபத்து, உடனே நடவடிக்கை. இரண்டாம் நிலைக்கு முதலில் அதிகபட்சம் மூன்று மாதக் கெடு. கெடு முடிந்த அன்று கடிதத்தைப் பார்த்து மூடாமல் நேரில் போய் அதே கவுன்ட்டரில் நில்லுங்கள்.

விமானத்தை நிறுத்தவேண்டிய நாள் கட்டாயம் வரும். பயணிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், நிலைய மேனேஜர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார், உங்கள் மேலதிகாரிக்கே யாராவது போன் போட்டிருப்பார்கள். அப்போது வாதம் செய்யாதீர்கள். பார்த்ததைப் பொறுப்புப் பொறியாளரிடமும் கேப்டனிடமும் காட்டி, கையேட்டில் அதன் வரம்பு எங்கே இருக்கிறது என்று அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். வரம்புக்குள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை, எனக்கு நாலைந்து முறை நடந்திருக்கிறது. தாண்டியிருந்தால் பெரும்பாலும் அவர்களே நிறுத்திவிடுவார்கள். அப்படியும் நிறுத்தாவிட்டால்தான் உங்கள் அதிகாரம், எழுத்தில், நேரத்தோடு.

இன்னும் கஷ்டமானது பழைய நண்பர்கள். சிறிய தொழில் இது, நீங்கள் ஆய்வு செய்யும் இடத்தில் உங்களுக்கு ரிவெட் அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே இருப்பார். முன்பு வேலை பார்த்த நிறுவனத்தை உங்களுக்கு ஒதுக்கினால் முதல் சில வருடமாவது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதே சமயம், தன் தப்பைத் தானே வந்து சொல்லும் மெக்கானிக்கை மாட்டிவிட்டால் அந்த ஹேங்கரில் அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வேண்டுமென்றே பொய்க் கையெழுத்துப் போட்டவர் வேறு, அசந்து விட்டுவிட்டேன் என்று சொன்னவர் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

பையில் நல்ல டார்ச், மறைவான இடத்தைப் பார்க்க நீட்டுகிற பிரதிபலிப்புக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, உள்ளங்கை அளவு நோட்டு. கிளம்பும் முன் கண்டதையெல்லாம் நிறுவன ஆளிடம் வாயால் சொல்லி, எடுத்த நகல்களுக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அறிக்கையை அன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். இரண்டு ஹேங்கர் பார்த்த பிறகு எந்த ரெஞ்ச் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பது மறுநாள் காலையில் நிச்சயமாகக் குழம்பும்.